மூன்று சைக்கிளுக்கு ஒரு பவர் மீட்டர்: எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி இதுதான்: "கோவையில் இருக்கிறேன். ஷிமானோ 105 பூட்டிய ரோடு பைக் ஒன்று (கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, 172.5 மி.மீ. நீளம்), டிரையத்லானுக்கு வாங்கிய டிடி, அதாவது டைம் டிரையல் பைக் ஒன்று (165 மி.மீ.), ஷூவோடு பூட்டிக்கொள்ளும் எஸ்பிடி பெடல் போட்ட ஹார்ட்டெயில் எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள் ஒன்று (170 மி.மீ.) வைத்திருக்கிறேன். வீட்டில், சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்மார்ட் டிரெய்னரும் உண்டு. மூன்று சைக்கிளுக்கும் மூன்று பவர் மீட்டர் வாங்கக் கட்டுப்படியாகாது. எதை வாங்கினால் எல்லாவற்றுக்கும் சரிப்படும்?"

பவர் மீட்டர் என்பது கால் மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் கருவி. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ரோடு பைக், டிடி பைக், டிரெய்னர் மூன்றுக்கும் பொதுவாக ஒரு ஜோடி பவர் பெடல் வாங்குங்கள், இரண்டு காலையும் தனித்தனியாக அளப்பதாக இருக்கட்டும். எம்டிபிக்கு இப்போதைக்கு எதுவும் வேண்டாம். காரணத்தை விரிவாக எழுதுகிறேன். உங்கள் சைக்கிள்களில் ஒன்று மாறினாலும் இந்தப் பதில் மாறக்கூடும், அதனால் காரணம் தெரிந்திருப்பது நல்லது.

ஒரே சைக்கிள் வைத்திருப்பவருக்கு மீட்டரின் துல்லியம் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. அது எப்போதும் 3 சதவீதம் கூட்டிக் காட்டினாலும், எஃப்டிபி (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்) சோதனையும் அதே மீட்டரில்தான் செய்கிறார், விட்டு விட்டு வேகமாக ஓட்டும் இன்டர்வல் பயிற்சியும் அதே மீட்டரில்தான் ஓட்டுகிறார். பிழை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். பல சைக்கிள் வைத்திருப்பவரின் நிலைமை வேறு. திங்கட்கிழமை டிரெய்னரில் 200 வாட், வியாழக்கிழமை ரோடு பைக்கில் 200 வாட், ஞாயிற்றுக்கிழமை டிடி பைக்கில் 200 வாட். இந்த மூன்று 200-ம் உடம்புக்கு ஒரே உழைப்பாக இருந்தால்தான் பயிற்சித் திட்டத்துக்கு அர்த்தம் உண்டு. இல்லாவிட்டால், ஒரு வாரம் ஒரு கடைத் தராசிலும் மறு வாரம் இன்னொரு கடைத் தராசிலும் நின்றுவிட்டு, அரைக் கிலோ இளைத்துவிட்டேன் என்று சொல்வது போலத்தான் ஆகும்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். உங்கள் எஃப்டிபி 220 வாட் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மீட்டர்கள் பலவும் பிளஸ் அல்லது மைனஸ் 1 சதவீதம் என்று விளம்பரம் செய்கின்றன. அதை அப்படியே நம்பினாலும் ஒரு மீட்டர் 218 காட்டலாம், இன்னொன்று 222 காட்டலாம். 2 சதவீதம் வரை பிழை சொல்லப்படும் மீட்டர்கள் இரண்டு என்றால் 216-க்கும் 224-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிற்கும். சில வருடங்களாக ஒழுங்காகப் பயிற்சி செய்துவரும் ஒருவர் ஒரு சீசனில் 10 வாட் ஏறினாலே அது நல்ல முன்னேற்றம். அந்த முன்னேற்றத்தின் அளவுக்கே மீட்டர்களின் வேறுபாடும் இருந்தால், ஏறியது காலா கருவியா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் மூன்று சைக்கிளுக்கு மூன்று மலிவான மீட்டர் வாங்குவதைவிட, ஒரே நல்ல மீட்டரை மாற்றி மாற்றிப் பூட்டுவது மேல் என்கிறேன்.

சரி, எந்த வகை? பவர் மீட்டர் உட்காரும் இடம் மாறினாலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். உலோகம் சுமை ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய மின்தடை அளக்கிறது. அதிலிருந்து முறுக்குவிசை கிடைக்கிறது, அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட். ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர் 1986-ல் எஸ்ஆர்எம் கிராங்கைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இதுதான் அடிப்படை. அந்த கேஜை எங்கே ஒட்டுகிறார்கள் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

ஒரு காலத்தில் பல சைக்கிள்காரர்களின் முதல் தேர்வு, பின்சக்கரத்தின் மையத்தில் மீட்டர் வைத்த பவர்டாப் ஹப். பின்சக்கரத்தைக் கழற்றி அடுத்த சைக்கிளில் மாட்டினால் முடிந்தது. ரிம் பிரேக்கும் குயிக் ரிலீஸும் எல்லாச் சைக்கிளிலும் ஒரே மாதிரி இருந்த வரைக்கும் அது அருமையான ஏற்பாடு. இன்று ரோடு பைக்கில் 142 மி.மீ. துரூ ஆக்சில், எம்டிபியில் 148 மி.மீ. பூஸ்ட், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஃப்ரீஹப், வேறு கேசட் (பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதி). அந்த வழி நடைமுறையில் மூடிவிட்டது. பவர்டாப் பெயரையே 2019-ல் ஸ்ராம் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

அடுத்தது ஸ்பைடர் வகை. செயின்ரிங்கையும் கிராங்கையும் இணைக்கும் நடுப்பகுதியில் மீட்டர் இருக்கும். எஸ்ஆர்எம், குவார்க், பவர்2மேக்ஸ் எல்லாம் இந்த வகை. நம்பகமானவை, இரண்டு காலின் மொத்த உழைப்பையும் அளப்பவை, கல்லில் இடிபடாத இடத்தில் இருப்பவை. ஒரே சைக்கிள் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் வாரத்துக்கு மூன்று முறை கிராங்கைக் கழற்றி மாட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. பொறுமை இருந்தாலும் பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் பேரிங்) அளவு, செயின்ரிங் பற்கள், செயின்லைன் எல்லாம் பொருந்த வேண்டும். உங்களுக்கு இது ஒத்துவராது.

மூன்றாவது, இடது கிராங்க் கையில் மட்டும் மீட்டர் ஒட்டிய வகை. ஸ்டேஜஸ் பிரபலப்படுத்தியது, கனடாவின் ஃபோர்ஐஸ் போன்ற நிறுவனங்களும் செய்கின்றன. விலை குறைவு, எடை சில கிராம்தான், ஒரு நாணய பேட்டரியில் நூறு மணி நேரத்துக்கு ஓடும். ஷிமானோவின் ஹாலோடெக் 2 கிராங்காக இருந்தால், இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, பிளாஸ்டிக் மூடியைச் சுழற்றி எடுத்தால் இடது கை கழன்று வந்துவிடும். திருப்பிப் பூட்டும்போது இரண்டு போல்ட்டையும் மாறி மாறி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். இரண்டு ரோடு பைக்கிலும் ஒரே நீளக் கிராங்க் இருப்பவர்கள் ஒரே இடது கையை இப்படி மாற்றி மாற்றி ஓட்டுவதுண்டு, அவர்களுக்கு அது நல்ல சிக்கனம்.

உங்களால் முடியாது. ரோடு பைக்கில் 172.5, டிடியில் 165. அந்தக் கையைக் கொண்டுபோய் இதில் மாட்டினால் ஒரு காலுக்கு நீளக் கிராங்க், மறு காலுக்குக் குட்டைக் கிராங்க் என்றாகிவிடும். முழங்காலுக்கும் இடுப்புக்கும் நல்லதல்ல. ஆளுக்கொரு கை என்று மூன்று வாங்கினால், மூன்றின் விலை சேர்ந்து ஒரு நல்ல ஜோடி பெடலின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். வந்தும் மூன்று தனித்தனி பிழை.

அதனால் பெடல். எந்தச் சைக்கிளின் கிராங்காக இருந்தாலும் பெடல் மரை ஒரே அளவுதான், 9/16 அங்குலம். குழந்தைகள் சைக்கிளையும் சில பழைய கிராங்குகளையும் விட்டுவிட்டால் எல்லாவற்றிலும் இதுவே. பாட்டம் பிராக்கெட் பற்றிக் கவலை இல்லை, கிராங்க் கம்பெனி பற்றிக் கவலை இல்லை. நாளை ஒரு சைக்கிளை விற்றாலும் மீட்டர் உங்களிடமே இருக்கும்.

ஆனால் பெடல் என்றதும் பிராண்டைப் பார்க்காதீர்கள், முதலில் உங்கள் ஷூவைப் பாருங்கள். ஷூவுக்கு அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் எது என்பதுதான் தேர்வைச் சுருக்கும். லுக் கியோ கிளீட் என்றால் ஃபவேரோவின் அசியோமா டுவோ, அதற்குப் பின் வந்த அசியோமா ப்ரோ ஆர்எஸ், கார்மினின் ராலி ஆர்கே. ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் என்றால் ராலி ஆர்எஸ், அல்லது ஷிமானோ பெடல் உடலுக்குள் ஃபவேரோவின் ஆக்சிலைப் பொருத்திக்கொள்ளும் டுவோ-ஷி. டுவோ-ஷியில் ஒரு விஷயம் கவனியுங்கள்: அது பாதத்தைக் கிராங்கிலிருந்து சற்று வெளியே தள்ளும், நடுப்புள்ளி 65 மி.மீ. தள்ளி நிற்கும். சாதாரண ஷிமானோ ரோடு பெடலில் இது 52 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் 13 மி.மீ. அகலம் என்பது சிலருக்குத் தெரியவே தெரியாது, முழங்கால் எளிதில் வலிக்கும் சிலருக்கு முதல் நாளே தெரியும். ஸ்பீட்பிளே கிளீட் வைத்திருப்பவர்களுக்கு வாஹூவின் பவர்லிங்க் ஜீரோ. எம்டிபி, கிராவல் ஓட்டுபவர்களின் இரண்டு போல்ட் எஸ்பிடி கிளீட்டுக்கு அசியோமா ப்ரோ எம்எக்ஸ், ராலி எக்ஸ்சி.

இங்கே ஒரு வழி திறக்கிறது. மூன்று சைக்கிளிலும் எஸ்பிடி பெடலே போட்டுக்கொண்டு, எம்டிபி ஷூவிலேயே எல்லாவற்றையும் ஓட்டலாம் அல்லவா? ஓட்டலாம். நீண்ட தூர பிரெவே ஓட்டுபவர்கள் பலர் ரோடு பைக்கிலேயே எஸ்பிடிதான் வைத்திருக்கிறார்கள், கடையில் இறங்கி டீ குடிக்க நடக்கவும் சௌகரியம். கிராவல் பைக்கும் ரோடு பைக்கும் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லிவிடுவேன். நீங்கள் டிரையத்லான் செய்பவர். நீச்சலிலிருந்து ஓடி வந்து ஈரக் காலோடு நுழைக்கும் அந்த ஒற்றைப் பட்டை ஷூக்கள் பெரும்பாலும் மூன்று போல்ட் ரோடு கிளீட்டுக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் முக்கியமான பந்தயத்துக்கு ஒத்துவராத பெடலை எம்டிபிக்காக வாங்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கேள்வியிலேயே ஒளிந்திருக்கும் பெரிய ஆபத்துக்கு வருகிறேன். உங்கள் கிராங்குகளின் நீளம் வேறு வேறு.

பெடல் மீட்டர் அளப்பது காலின் விசையை மட்டும். முறுக்குவிசை என்பது அந்த விசையைக் கிராங்க் நீளத்தால் பெருக்கியது. கிராங்க் எவ்வளவு நீளம் என்று பெடலுக்குத் தானாகத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அதே விகிதத்தில் வாட்டும் தப்பும். 172.5-ஐ 165-ஆல் வகுத்தால் 1.045. ரோடு பைக்கிலிருந்து டிடிக்குப் பெடலை மாற்றிவிட்டு நீளத்தை மாற்ற மறந்தால், உண்மையில் 200 வாட் ஓட்டும்போது திரை 209 காட்டும். எந்த எச்சரிக்கையும் வராது, எண் இயல்பாகத்தான் தோன்றும். பந்தயத்தில் 155 வாட்டில் ஓட வேண்டும் என்று திட்டம் போட்டவர் திரையில் 155 வைத்துக்கொண்டு உண்மையில் 148-ல் ஓடிக்கொண்டிருப்பார்.

தலைகீழாகப் போனால் இன்னும் மோசம். டிடியிலிருந்து ரோடு பைக்குக்கு வந்து 165 என்றே விட்டுவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். 33 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், உங்கள் வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. திரையில் 200 என்று பிடித்துக்கொண்டு ஏறினால் கால் உண்மையில் 209 கொடுத்துக்கொண்டிருக்கும். எஃப்டிபி 220 என்றால் அது 91 சதவீதத்துக்கும் 95 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. பாதி மலையில் தெரியும்.

இதற்கு ஒரு சின்னப் பழக்கம் போதும். கிராங்கின் உட்பக்கம், பெடல் துளைக்கு அருகில் நீளம் பொறித்திருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு சைக்கிளின் ஸ்டெமிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, பேனாவால் எண்ணை எழுதிவிடுங்கள். பெடல் மாட்டியதும் கண் அதில் விழும், கை தானாக ஆப்பைத் திறக்கும். இன்னொன்று: சில சைக்கிள் கம்ப்யூட்டர்கள் தங்களிடம் பதிந்திருக்கும் நீளத்தைப் பெடலுக்கு அனுப்பி, நீங்கள் போனில் மாற்றியதை அழித்துவிடும். ஆகவே போன் ஆப்பில் மாற்றியபின் கம்ப்யூட்டரிலும் சென்சார் பக்கத்தைத் திறந்து எண்ணைச் சரிபாருங்கள். பெடல் வாங்குபவர்களில் பலருக்கும் எண்கள் குழம்புவது முதலில் இந்த இடத்தில்தான்.

வாங்கும் விலையில் கொஞ்சம் கூடினாலும் நடுவில் ஒரு வழி உண்டு, அதையும் யோசியுங்கள்: ரோடு பைக்கிலும் 165 கிராங்க் போட்டுவிடுவது. குட்டைக் கிராங்குக்கு இப்போது நல்ல வரவேற்பு இருக்கிறது. இரண்டிலும் ஒரே நீளம் என்றால் இந்தத் தலைவலியே இல்லை, காலுக்கும் ஒரே வட்டம். ஆனால் பவர் மீட்டருக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள், பொருத்தம் பார்த்துத் தேவை என்றால் செய்யுங்கள்.

பெடலை மாற்றும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்யப்போகிறீர்கள். அசியோமாவுக்கு 8 மி.மீ. ஆலன் கீ, ராலிக்கு 15 மி.மீ. பெடல் ஸ்பேனர். வலது பெடல் எல்லா ஸ்க்ரூவையும் போல வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். குழம்பாமல் இருக்க ஒரே விதி: ஸ்பேனரை மேல்நோக்கி வைத்து, சைக்கிளின் முன்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின்பக்கமாக இழுத்தால் இரண்டும் கழலும். ஆலன் கீ உட்பக்கத்திலிருந்து நுழைவதால் கை குழம்பும், அப்போதும் சாவியின் பிடி மேலே இருக்கிறதா, எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

பெடலின் ஆக்சில் எஃகு, கிராங்க் அலுமினியம். அலுமினியம்தான் மென்மையானது, தேய்வதும் அதுதான். அடிக்கடி கழற்றி மாட்டுபவர் மரையில் கோணலாக ஒரு தடவை ஏற்றினால் போதும், கிராங்க் போய்விடும். எனவே முதல் மூன்று நான்கு சுற்றுகளைக் கருவி இல்லாமல் விரலால் மட்டும் திருப்புங்கள். விரலுக்குத் தடை தெரிந்தால் கழற்றித் திரும்ப வையுங்கள். மரையை ஒரு துணியால் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவியே மாட்டுங்கள். கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் அவசியம். உப்புக் காற்றில் எஃகும் அலுமினியமும் ஒட்டிப் பிடித்துக்கொண்டால் மீட்டரோடு கிராங்கையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியதாகிவிடும்.

மாட்டியதும் உடனே ஜீரோ ஆஃப்செட் (சுமை இல்லாத நிலைதான் பூஜ்யம் என்று மீட்டருக்குப் பதிய வைப்பது) செய்யாதீர்கள். முதலில் ஏறி இரண்டு மூன்று தடவை எழுந்து நின்று பலமாக மிதியுங்கள், பெடல் தன் இருக்கையில் உட்காரட்டும். கார்மின் பெடல்களுக்குத் தாங்கள் எந்தக் கோணத்தில் பூட்டப்பட்டிருக்கிறோம் என்று அறியவே கொஞ்ச தூரம் மிதிக்க வேண்டும். அப்புறம் நிறுத்தி, காலைக் கிளிப்பிலிருந்து எடுத்துவிட்டு, பெடலில் எந்தச் சுமையும் இல்லாமல் ஜீரோ ஆஃப்செட் போடுங்கள். உலோகம் வெப்பத்தில் விரிவதால் வெயிலும் இதில் விளையாடும். ஏசி அறையில் இருந்த சைக்கிளை வெளியே கொண்டுவந்ததும் ஜீரோ போட்டால், கால் மணி நேரத்தில் உலோகம் சூடேறியபின் அந்த ஜீரோ நகர்ந்திருக்கும். இன்றைய மீட்டர்களில் வெப்ப ஈடுசெய்தல் இருக்கிறது, பெரும்பாலான நாட்களில் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் மேட்டுப்பாளையத்தின் வெக்கையில் கிளம்பி, கோத்தகிரிக் குளிரில் முடியும் ஏற்றத்தில் பத்து டிகிரி வரை இறங்கும். வழியில் தண்ணீர் நிரப்ப நிற்கும் இடத்தில் இன்னொரு முறை ஜீரோ போட்டுக்கொள்ள அரை நிமிடம்தான் ஆகும்.

இரண்டு பக்கம் வேண்டுமா, இடது மட்டும் போதுமா? ஒரு பக்க மீட்டர் இடது காலின் உழைப்பை அப்படியே இரண்டால் பெருக்கிக் காட்டும். மொத்தம் 250 வாட்டில் இடது கால் 48 சதவீதம், அதாவது 120 வாட் கொடுக்கிறது என்றால் திரையில் 240 வரும். இது மாறாமல் இருந்தால் சமாளித்துவிடலாம். ஆனால் பலருக்கு இந்தப் பங்கு களைப்பிலும் வேகத்திலும் நகரும். நிதானமாக ஓட்டும்போது 48, கடுமையான இன்டர்வலில் 50, மூன்றாவது மணி நேரத்தில் 47 என்று. டிடி பைக்கில் முன்னால் குனிந்து இடுப்பு மடங்கும்போது ரோடு பைக்கின் பங்கு அப்படியே இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. ஒரே சைக்கிள்காரர் இதை விட்டுவிடலாம். சைக்கிளுக்குச் சைக்கிள் ஒப்பிடப்போகும் நீங்கள் விடக்கூடாது. பணம் இப்போது போதவில்லை என்றால் அசியோமாவோ ராலியோ ஒரு பக்க வடிவத்தில் வாங்கி, பிறகு மறுபக்கத்தைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அந்த இடைக்காலத்தில் காட்டும் எண்ணையும் பின்னால் இரண்டு பக்கமும் வந்தபின் காட்டும் எண்ணையும் ஒரே வரைபடத்தில் சேர்க்காமல், புதிதாக ஒரு எஃப்டிபி சோதனை செய்துகொள்ளுங்கள்.

டிரெய்னர் விஷயத்துக்கு வருவோம். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மாட்டும் டைரக்ட் டிரைவ் டிரெய்னர்களும் 1 சதவீதத் துல்லியம் சொல்கின்றன, ஆனால் அவை அளக்கும் இடம் வேறு. பெடல் அளப்பது காலடியில், டிரெய்னர் அளப்பது செயினும் கேசட்டும் தாண்டிய பிறகு. செயின் சுழல்வதில் இரண்டு மூன்று சதவீதம் உராய்வாகப் போய்விடும். ஆகவே பெடல் 200 என்றால் டிரெய்னர் 195 சொல்வது சரியான நடத்தை. அழுக்கேறிய செயினில் இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடும். டிரெய்னர் பெடலைவிடக் கூடுதலாகக் காட்டினால் மட்டும் எச்சரிக்கையாகுங்கள். காலில் போடாத சக்தி சக்கரத்தில் வர வழியில்லை. கிராங்க் நீளம், ஜீரோ ஆஃப்செட், டிரெய்னரின் கேலிப்ரேஷன் என்ற வரிசையில் தேடுங்கள், பெரும்பாலும் முதலாவதிலேயே சிக்கிவிடும்.

வீட்டில் ஓட்டும்போதும் பெடல் எண்ணையே பதிவு செய்யுங்கள். டிரெய்னர்ரோடு ஆப்பில் பவர்மேட்ச் என்று ஒன்று இருக்கிறது. அது பெடல் சொல்லும் வாட்டை வைத்து டிரெய்னரின் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும். சில டிரெய்னர்களின் சொந்த ஆப்பிலும் இதே வசதி உண்டு. ஸ்விஃப்ட் ஆப்பில் பவர் மூலமாகப் பெடலைத் தேர்ந்தெடுத்தாலும், குறித்த வாட்டை டிரெய்னரே பிடித்துவைக்கும் எர்க் முறையில் எதிர்ப்பைத் தீர்மானிப்பது டிரெய்னரின் சொந்தக் கணக்குதான், அங்கே சில வாட் வித்தியாசத்தை மனதில் வைத்து இலக்கை அமையுங்கள். இன்னொரு நடைமுறைச் சிக்கல்: புளூடூத்தில் பெடல் ஒரு ஆப்பைப் பிடித்துக்கொண்டால் அடுத்த கருவிக்குச் சில சமயம் அகப்படாது. போனில் ஆப்பை முழுதாக மூடிவிட்டுத் தேடுங்கள், அல்லது கம்ப்யூட்டரை ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பு வழியாக இணையுங்கள். ஆன்ட் பிளஸில் எத்தனை கருவி வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம்.

ஒரே பெடலை எல்லாவற்றிலும் பயன்படுத்துவதில் எனக்குப் பிடித்த பலன் இதுதான்: சைக்கிளுக்குச் சைக்கிள் தெரியும் வித்தியாசம் உங்களுடையது என்று உறுதியாகச் சொல்லலாம். ரோடு பைக்கில் 20 நிமிடச் சோதனையின் சராசரி 232, அதில் 95 சதவீதம் 220. அதே வாரத்தில் டிடி பைக்கில் சோதித்தால் 205 வருகிறது என்று வையுங்கள். வெவ்வேறு மீட்டர் என்றால் கருவியைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரே பெடல் என்றால் அந்த 15 வாட் உடம்பு குனிந்த நிலையில் இழந்தது. அதற்குச் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும்: டிடி நிலையில் அதிக நேரம் பழகுவது, அல்லது சாடிலும் (இருக்கை) முழங்கை வைக்கும் ஆர்ம்பேடும் இருக்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பது. டிடி பயிற்சிக்கு டிடி எஃப்டிபியை வைத்தே மண்டலங்களை, அதாவது எஃப்டிபியின் சதவீதப்படி அமையும் உழைப்பு நிலைகளைப் பிரியுங்கள். 56 முதல் 75 சதவீதம் வரையுள்ள இரண்டாம் மண்டலம் 220-க்கு 123 முதல் 165 வாட், 205-க்கு 115 முதல் 154 வாட். நீண்ட நேர டிடி ஓட்டத்தை ரோடு பைக் எண்ணில் ஓட்டினால் மேல் விளிம்பில் பத்து வாட்டுக்கு மேல் கூடுதலாகப் போய்விடுவீர்கள், அன்று ஓட்டப் பயிற்சியும் இருந்தால் கால் தாங்காது.

எம்டிபிக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? மண்பாதையில் வாட் எண் நொடிக்கு நொடி தாவும். 400, பூஜ்யம், 250, பூஜ்யம். வேர், கல், வளைவு பார்க்கும் கண்ணுக்குத் திரையைப் பார்க்க நேரமும் இல்லை. பெடல் கல்லில் இடிபடும், விலை உயர்ந்த மின்னணுப் பொருளை அங்கே நீட்டி வைப்பதற்கு நல்ல காரணம் இருக்க வேண்டும். உங்களுக்கு எம்டிபி வார இறுதியின் சந்தோஷம் என்றால் இதயத் துடிப்பு பட்டை போதும், மொத்தச் சுமையைப் பயிற்சிப் பதிவில் சேர்க்க அந்தக் கணக்கே தேவையான அளவு சரியாக வரும். எம்டிபி பந்தயமே உங்கள் குறிக்கோளாக மாறினால் அதற்கென்று ஒரு ஸ்பைடர் மீட்டர் வாங்குங்கள். வாங்கியதும் அந்தச் சைக்கிளை டிரெய்னரில் ஏற்றி 100, 150, 200, 250 வாட் என்று ஐந்தைந்து நிமிடம் ஓட்டி, அதே டிரெய்னரில் பெடல் எப்படி ஒப்பிட்டதோ அதனோடு பாருங்கள். இரண்டும் எத்தனை சதவீதம் விலகுகின்றன என்று தெரிந்துவிட்டால் பிறகு எண்களைக் கலந்து படிக்கலாம்.

முட்டை வடிவ செயின்ரிங் யாராவது போட்டிருந்தால் ஒரு வார்த்தை. ஒரு சுற்று முழுவதும் ஒரே வேகத்தில் சுழல்கிறது என்று எடுத்துக்கொள்ளும் மீட்டர்கள் அந்த வகைச் செயின்ரிங்கில் சில சதவீதம் கூட்டிக் காட்டும். ஃபவேரோவின் பெடல்கள் சுற்றுக்குள்ளேயே மாறும் கோண வேகத்தையும் கைரோஸ்கோப்பால் அளப்பதால் இந்தப் பிழை வராது. ஒரு சைக்கிளில் வட்டம், இன்னொன்றில் முட்டை என்று இருப்பவர்கள் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

மழையைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். அசியோமா ஒரு முறை சார்ஜ் செய்தால் 50 மணி நேரமாவது ஓடும், 40 மணி நேரக் காலவரையறை உள்ள 600 கிலோமீட்டர் பிரெவேக்குக்கூடப் போதும். மழையில் ஓட்டலாம். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் பம்பால் பெடலில் நேராக அடிக்க மட்டும் விடாதீர்கள், பேரிங் வழியாகத் தண்ணீர் இறங்கும்.

செகண்ட் ஹேண்டில் தேடுவீர்கள் என்றால் பெடலைக் கையில் எடுத்து ஆக்சிலை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் மாற்ற வேண்டியிருக்கும். அது பெரிய செலவு இல்லை, விலையில் குறைத்துக் கேட்கலாம். இரண்டு பக்கமும் ஆப்பில் தெரிகிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்று விற்பவர் முன்னாலேயே பாருங்கள். ஷிமானோ கிராங்கில் ஒட்டிய மீட்டர் யாராவது கொடுத்தால் கூடுதல் கவனம் தேவை. 2019 ஜூலைக்கு முன் தயாரான 11 ஸ்பீடு அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்குகளில் இரு பாதிகளை ஒட்டிய ஒட்டுப் பிரிவதால், 2023 செப்டம்பரில் ஷிமானோ உலகெங்கும் இலவசப் பரிசோதனை அறிவித்தது. கிராங்கின் பின்பக்கம் இரண்டு எழுத்துக் குறியீடு பொறித்திருக்கும், அதை ஷிமானோ வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் 105 கிராங்க் அந்தப் பட்டியலில் வராது, அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

புதிது வாங்கினால் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கும் விலையோடு சுங்க வரியையும் ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இந்திய விற்பனையாளர் சொல்லும் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சிறிதாக இருந்தால் இங்கேயே வாங்குங்கள். ஒரு பெடல் பழுதானால் அதை வெளிநாட்டுக்கு அனுப்பி, திரும்பி வரும்போது மறுபடியும் சுங்கத்தில் விளக்கம் சொல்லும் அலைச்சல், மிச்சம் பிடித்த தொகைக்கு ஈடாகாது. வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் ஒன்றை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: பழுதானால் மாற்றுப் பெடல் அவர்கள் கையிருப்பிலிருந்து கொடுப்பார்களா, இல்லை கம்பெனிக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா என்று.